பதினோரு கையெழுத்து வாங்கிய டிராயிங்

கேள்வி – பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஓசூர், பர்கூர், கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்தவை. எல்லாம் சுற்றிச் சுற்றி ஒரே விஷயத்தில்தான் வந்து நிற்கின்றன: கம்பெனியில் புதிதாக பி.எல்.எம். சாஃப்ட்வேர் வந்திருக்கிறது, டிராயிங்கை ஓகே சொல்லி வேலைக்கு விடுவது (ரிலீஸ்) யார், மாற்றத்தை ஓகே சொல்வது யார் என்று தினமும் பஞ்சாயத்து. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதையே எடுத்துக்கொண்டேன். பி.எல்.எம். என்றால் என்ன என்று கேட்கும் வாசகர்களுக்கு மட்டும் ஒரு வரி: ஒரு பொருளின் டிராயிங், பாகங்களின் பட்டியல், அதில் யார் எப்போது எதை மாற்றினார்கள் என்ற கணக்கு, இவை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்துக் காவல் காக்கிற சாஃப்ட்வேர் அது.

கேள்வி: நாங்கள் இரு சக்கர வண்டிகளுக்கு உதிரி பாகம் செய்து கொடுக்கிறோம். பி.எல்.எம். போட வந்தவர்கள், "ரிலீஸ் எப்படிப் போகணும், சேஞ்ச் எப்படிப் போகணும்னு நீங்களே படம் போட்டுக் கொடுங்க" என்று சொல்லிவிட்டார்கள். மீட்டிங் போட்டோம். டிசைன், புரொடக்‌ஷன், டூல் ரூம், கியூ.ஏ. (தரப் பிரிவு), பர்ச்சேஸ், ஸ்டோர்ஸ், கடைசியில் அக்கவுண்ட்ஸ் வரைக்கும் "எங்க கையெழுத்தும் வேணும்" என்கிறார்கள். எண்ணினால் பதினொன்று வருகிறது. புது டிராயிங்குக்கும் பதினொன்று, மாற்றத்துக்கும் அதே பதினொன்று. இது சரியா?
— டிசைன் பொறியாளர், சிப்காட், ஓசூர்

பதில்: சரியில்லை. ஆனால் எல்லோரும் ஏன் கையெழுத்துக் கேட்கிறார்கள் என்று பாருங்கள், பாதி விடை அங்கேயே கிடைக்கும். கையெழுத்துப் போடுவதில் யாருக்கும் ஆசை கிடையாது. தனக்குத் தெரியாமல் டிராயிங் மாறிவிடுமோ, பழைய அளவில் மெட்டீரியல் வாங்கி மாட்டிக்கொள்வோமோ என்ற பயம்தான். அந்தப் பயத்துக்கு மருந்து தகவல். பர்ச்சேஸுக்கும் ஸ்டோர்ஸுக்கும் அக்கவுண்ட்ஸுக்கும் ரிலீஸ் ஆன அந்த நிமிஷமே மெயில் போகும்படி செய்துவிடுங்கள், பதினொன்றில் நாலைந்து பேர் தானாகவே கழன்றுகொள்வார்கள்.

என் சொந்தக் கதை ஒன்று. கம்ப்யூட்டர் வருவதற்கு முந்தின காலம், ஒரு கம்பெனியில் டிராயிங் கன்ட்ரோல் பார்த்துக்கொண்டிருந்தேன். டைட்டில் பிளாக்குக்குப் பக்கத்தில் ஒன்பது கட்டம், ஒன்பது கையெழுத்து. ஒரு புஷ்ஷின் உள் விட்டத்தில் டாலரன்ஸை (அளவு எவ்வளவு விலகலாம் என்ற வரம்பை) இறுக்கினார்கள். டிராயிங் ஒன்பது மேஜை ஏறி இறங்கி இரண்டு வாரம் கழித்து வந்தது, ஒன்பது பேரும் போட்டிருந்தார்கள். முதல் ஆள் பார்த்திருப்பார் என்று ஒன்பதாவது ஆள் போட்டார், ஒன்பதாவது ஆள் பார்ப்பார் என்று முதல் ஆள் போட்டார். அந்தத் துளையை அளக்கிற பிளக் கேஜ் மட்டும் பழைய அளவிலேயே இருந்தது, ஏனென்றால் கேஜ் ரூம்காரர் அந்த ஒன்பது பேரில் இல்லை. பீஸ் எல்லாம் பழைய கேஜில் அழகாகப் பாஸாகி வெளியே போய், ஒரு வண்டி நிறையத் திரும்பி வந்தது. ஒன்பது பேரில் ஒருவரையும் குறை சொல்ல முடியவில்லை, அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம்.

அதனால் ஆட்களை எண்ணாதீர்கள். இந்த மாற்றம் யார் கையில் இருக்கிற எந்தப் பொருளைத் தொடுகிறது என்று கேளுங்கள். கேஜைத் தொட்டால் கேஜ் ரூம், டையைத் தொட்டால் டூல் ரூம். எதையும் தொடவில்லை, டிராயிங்கில் ஸ்பெல்லிங் மட்டும் திருத்துகிறோம் என்றால் செக் பண்ணுகிறவர் ஒருவர் போதும்.

அடுத்து, ரிலீஸும் மாற்றமும் ஒன்றில்லை, இரண்டுக்கும் ஒரே வழியைப் போடாதீர்கள். புது டிராயிங் ரிலீஸ் ஆகும்போது கேள்வி ஒன்றுதான்: இது சரியாக இருக்கிறதா, இதை வைத்துச் செய்ய முடியுமா? வரைந்தவர், சரிபார்த்தவர், பொறுப்பேற்பவர், அதோடு செய்யப்போகிற பக்கத்திலிருந்து ஒருவர். நான்கு பேர். அதிலும் புரோட்டோ (சோதனை மாதிரி) ரிலீஸையும் புரொடக்‌ஷன் ரிலீஸையும் பிரித்துவிடுங்கள். புரோட்டோ கட்டத்தில் வாரத்துக்கு மூன்று முறை அளவு மாறும். அதற்குப் போய் கியூ.ஏ. மேனேஜரையும் பிளாண்ட் ஹெட்டையும் எழுப்பினால் அவர்கள் படிக்காமலே பட்டனைத் தட்டப் பழகிவிடுவார்கள். அந்தப் பழக்கம் பிறகு புரொடக்‌ஷன் டிராயிங்குக்கும் வந்துவிடும், அப்புறம் எந்த சாஃப்ட்வேராலும் அதை மாற்ற முடியாது.

மாற்றம் வேறு ஜாதி. அங்கே பொருள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. ஸ்டோர்ஸில் ஸ்டாக் இருக்கிறது, சப்ளையரிடம் ஆர்டர் இருக்கிறது, கஸ்டமர் வண்டியில் நேற்றுப் போட்ட பீஸ் ரோட்டில் ஓடுகிறது. எனவே முதலில் "மாற்றலாமா" என்று ஒரு முடிவு, அப்புறம்தான் "எப்படி, எப்போதிலிருந்து" என்று இன்னொரு முடிவு. இ.சி.ஆர். (மாற்றக் கோரிக்கை) என்கிறது முதல் வகை, இ.சி.ஓ. (மாற்ற ஆணை) அல்லது இ.சி.என். (மாற்ற அறிவிப்பு) என்கிறது இரண்டாவது. இரண்டையும் ஒரே காகிதத்தில் போட்டுவிட்டால் என்ன ஆகும் தெரியுமா? டிசைன்காரர் மாடலை மாற்றி முடித்து, நாலு நாள் வேலை பார்த்து, கொண்டுவந்து வைத்த பிறகுதான் யாரோ "இது எதுக்குப்பா இப்ப, அந்த மாடலே அடுத்த வருஷம் நிக்குது" என்பார்.

விண்ட்சில் என்ற பி.எல்.எம். சாஃப்ட்வேரில் இந்தப் பிரிவு கட்டிக் கொடுத்தே வருகிறது: குறை அறிக்கை, அதிலிருந்து மாற்றக் கோரிக்கை, அதிலிருந்து மாற்ற அறிவிப்பு, அதற்குக் கீழே ஆளுக்கொரு வேலை. கோரிக்கை வந்ததும் சேஞ்ச் அட்மின் என்ற பொறுப்பில் இருப்பவர் பார்த்து, சின்ன விஷயமா, நேராக வேலைக்கு அனுப்பு; பெரியதா, மாற்றங்களை முடிவு செய்கிற குழுவான போர்டுக்கு அனுப்பு என்று இரண்டு தடத்தில் ஒன்றில் ஏற்றிவிடலாம். ஃபாஸ்ட் டிராக், ஃபுல் டிராக் என்பார்கள். நீங்கள் எந்த சாஃப்ட்வேர் வாங்கியிருந்தாலும் இந்த இரு தட யோசனையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: எந்தத் தடம் என்பதை மாற்றம் கேட்கிறவர் முடிவு செய்யக்கூடாது. அவர் கையில் விட்டால் எல்லாமே ஃபாஸ்ட் டிராக்தான், நானும் டிசைனில் இருந்தபோது அப்படித்தான் செய்தேன்.

தடம் பிரிக்க ஒரு கேள்வி உண்டு. மாற்றிய பாகத்தையும் பழைய பாகத்தையும் ஒரே பெட்டியில் கலந்து போட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்து மாட்டினால் வண்டிக்கு ஏதாவது வித்தியாசம் தெரியுமா? தெரியாது என்றால் டிராயிங்கின் ரிவிஷன் எழுத்தை (ஏ-க்கு அடுத்து பி என்று) மாற்றினால் போதும். தெரியும் என்றால், வடிவமோ பொருத்தமோ வேலையோ மாறுகிறது, பார்ட் நம்பரையே மாற்ற வேண்டும். நம்பர் மாறினால் அது தானாகவே பெரிய தடம்.

கடைசியாக, கையெழுத்தை வரிசையில் நிறுத்தாதீர்கள். பொறுப்பேற்பவரைத் தவிர மற்றவர்கள் ஒரே நேரத்தில் பார்க்கட்டும், அவர்கள் எல்லோரும் சொன்ன பிறகு பொறுப்பேற்பவரிடம் போகட்டும். டூல் ரூம்காரர் கியூ.ஏ.வின் பதிலுக்காகக் காத்திருக்க ஒரு காரணமும் இல்லை.

கேள்வி: ரிவிஷன் எச்-க்கு அடுத்து ஜே வந்துவிட்டது. நடுவில் ஐ-யைக் காணோம். யாரோ ஒரு ரிவிஷனை மறைத்துவிட்டார்கள் என்று டிசைன் ஆபீஸில் சண்டையே போட்டுவிட்டேன்.
— இன்ஸ்பெக்டர், ஓசூர்

பதில்: போய் ஒரு டீ வாங்கிக் கொடுத்து சமாதானம் செய்துகொள்ளுங்கள், தப்பு அவர்கள் மேல் இல்லை. டிராயிங் ரிவிஷனுக்கான அமெரிக்கத் தரம் ஏ.எஸ்.எம்.இ. ஒய்14.35. அதில் ஐ, ஓ, க்யூ, எஸ், எக்ஸ், இசட் ஆறு எழுத்தும் கிடையாது. ஐ ஒன்று மாதிரி இருக்கும், ஓ பூஜ்யம் மாதிரி இருக்கும், எண்ணெய் படிந்த பிரிண்டில் எஸ்-உம் ஐந்தும் ஒன்றுதான். ஒய் முடிந்தால் ஏஏ, ஏபி என்று போகும். சாஃப்ட்வேரில் இந்த எழுத்து வரிசையை முதல் டிராயிங் ரிலீஸ் ஆவதற்கு முன்னாலேயே வைத்துவிட வேண்டும், பாதியில் மாற்றப் போனால் தலைவலி. புரோட்டோவுக்கு 1, 2, 3, புரொடக்‌ஷனுக்கு ஏ, பி, சி என்று வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது, டிராயிங்கைப் பார்த்ததுமே எந்தக் கட்டம் என்று தெரியும். நம் ஊர் ஷாப் ஃப்ளோரில் ஒருவர் தமிழ், ஒருவர் தெலுங்கு, ஒருவர் கன்னடம், ஒருவர் ஹிந்தி. எல்லோருக்கும் பொதுவாகப் புரிகிற ஒரே மொழி அந்த ஒற்றை எழுத்துதான்.

கேள்வி: எங்கள் சாஃப்ட்வேரில் இ.சி.என். அப்ரூவ் ஆனதும் "ரிலீஸ்டு" என்று பச்சை விளக்கு வந்துவிடுகிறது. மறுநாளே புரொடக்‌ஷன் புது ரிவிஷனில் ஓட்டுகிறது. ஆனால் பழைய ரிவிஷனில் செய்த பீஸ் ஸ்டோர்ஸில் கிடக்கிறது, ஹீட் ட்ரீட்மென்ட்டுக்கு வெளியே போன லாட் ஒன்று இருக்கிறது, கஸ்டமரிடம் இன்னும் சொல்லவே இல்லை. யார் தப்பு?
— கியூ.ஏ., பர்கூர்

பதில்: ஒரு பச்சை விளக்குக்கு இரண்டு அர்த்தம் வைத்ததுதான் தப்பு. "டிராயிங் சரி" என்பது ஒன்று. "இன்றிலிருந்து இதன்படி ஓட்டு" என்பது வேறு. இரண்டுக்கும் தனித்தனி நிலை வையுங்கள்.

நடுவில் நடக்க வேண்டிய வேலைதான் மாற்றத்தின் உயிர், ஆனால் பெரும்பாலான கம்பெனிகள் அதை வாய்ப்பேச்சில் விட்டுவிடுகின்றன. இ.சி.என். படிவத்திலேயே ஒவ்வொரு குவியலுக்கும் ஒரு வரி இருக்க வேண்டும்: முடிந்த சரக்கு, லைனில் பாதியில் நிற்பது, வெளியே வேலைக்குப் போனது, சப்ளையரிடம் செய்துகொண்டிருப்பது, லாரியில் இருப்பது, ஸ்பேர் பார்ட்ஸுக்கு ஒதுக்கியது. ஒவ்வொன்றுக்கும் பதில் மூன்றில் ஒன்று. அப்படியே பயன்படுத்து, திருத்திப் பயன்படுத்து, ஸ்க்ராப். வெற்றிடம் விட்டால் படிவம் அடுத்த ஆளிடம் போகக்கூடாது என்று சாஃப்ட்வேரில் பூட்டு போடுங்கள். உங்கள் ஹீட் ட்ரீட்மென்ட் லாட் அந்த மூன்றாவது வரியில் மாட்டியிருக்கும்.

எப்போதிலிருந்து என்பதற்கும் பதில் வேண்டும். தேதி போடலாம், லாட் நம்பர் போடலாம், வண்டியின் சீரியல் நம்பர் போடலாம். தேதி எழுதச் சுலபம், கடைப்பிடிக்கக் கஷ்டம்; 15-ஆம் தேதி என்று எழுதியிருப்பார்கள், டூல் 22-ஆம் தேதி வரும். எங்கள் பக்கத்தில் லாட் நம்பர்தான் கடைசி வரை நின்றது.

கஸ்டமர் விஷயத்தில் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும். டிசைனோ, செய்முறையோ, செய்கிற இடமோ மாறினால் கஸ்டமருக்கு முன்கூட்டியே தெரிவித்து, அவர் கேட்டால் பிபேப் (பாகம் சரியாக வருகிறது என்று காட்டுகிற ஒப்புதல் ஆவணங்கள்) மறுபடி கொடுத்து, சம்மதம் வந்த பிறகுதான் அனுப்ப வேண்டும். ஆட்டோமொபைல் சப்ளையருக்கு இது எழுதாத சட்டம் இல்லை, எழுதியே இருக்கிற சட்டம். ஆகவே பெரிய தடத்தில் "கஸ்டமர் சம்மதம்" என்று ஒரு கதவு வையுங்கள், அந்தக் கடிதத்தை இணைக்காமல் கதவு திறக்கக்கூடாது. மாற்றம் கஸ்டமரிடமிருந்தே வந்தால் கடிகாரம் வேறு மாதிரி ஓடும்: ஐ.ஏ.டி.எஃப். 16949 என்கிற வாகனத் துறைத் தர விதி, அவர் புது ஸ்பெசிஃபிகேஷன் அனுப்பியதாகத் தகவல் வந்த 10 வேலை நாளுக்குள் அதைப் பரிசீலித்து முடிக்கச் சொல்கிறது. ஆடிட்டர் முதலில் தோண்டுகிற இடங்களில் இதுவும் ஒன்று. மெயில் வந்த தேதியை சாஃப்ட்வேரில் ஏற்றினால் எண்ணிக்கை தானாக ஓடும், யாரும் விரல் விட்டு எண்ண வேண்டாம்.

இ.சி.என்.னை மூடுவது எப்போது? கன்ட்ரோல் பிளானும் (எதை எப்படிச் சோதிப்பது என்ற திட்டம்) பி.எஃப்.எம்.இ.ஏ.வும் (செய்முறையில் எங்கே தப்பு வரலாம் என்ற பட்டியல்) மாறி, கேஜ் மாறி, புது ரிவிஷனின் முதல் பீஸ் ரிப்போர்ட் ஒட்டப்பட்ட பிறகு. அது வரைக்கும் அது திறந்த கணக்குதான்.

கேள்வி: இரவு ஷிஃப்ட். ராத்திரி இரண்டு மணி. டிராயிங்கில் சொன்ன கிரேடு ராடு தீர்ந்துவிட்டது, அதைவிட உயர்ந்த கிரேடு கையில் இருக்கிறது. லைன் நின்றால் காலையில் டிஸ்பாட்ச் போகாது. வொர்க்ஃப்ளோவில் இ.சி.ஆர். போட்டால் யாரும் விழித்திருக்க மாட்டார்கள். டிராயிங்கில் பேனாவால் எழுதி ஓட்டிவிட்டேன். திட்டு வாங்கினேன்.
— ஷிஃப்ட் சூப்பர்வைசர், ஓசூர்

பதில்: லைனை ஓட்டியதற்குத் திட்டியிருந்தால் அவர்கள் மேல் தப்பு, பேனாவால் எழுதியதற்குத் திட்டியிருந்தால் உங்கள் மேல் தப்பு. அந்தப் பேனாக் கோடு காலையில் நிரந்தர டிராயிங் ஆகிவிடும். அடுத்த ஷிஃப்ட்காரருக்கு அது தற்காலிகம் என்று எப்படித் தெரியும்?

உங்களுக்கு வேண்டியது இ.சி.ஆர். இல்லை, டீவியேஷன். டிராயிங்கை மாற்றாமல், இத்தனை பீஸுக்கு மட்டும், இந்த லாட்டுக்கு மட்டும் விலகிப் போக அனுமதி. செய்வதற்கு முன்னால் வாங்குவது டீவியேஷன், செய்துவிட்டு வாங்குவது கன்செஷன். இரண்டாவது அடிக்கடி வந்தால் முதலாவது ஒழுங்காக இல்லை என்று அர்த்தம். இதற்கு இரண்டே கையெழுத்து போதும், டிசைன் ஒன்று, கியூ.ஏ. ஒன்று, இரண்டும் போனிலேயே ஓகே சொல்கிற மாதிரி. ராத்திரி யார் முறை என்று அட்டவணை போட்டு ஷிஃப்ட் ஆபீஸில் ஒட்டச் சொல்லுங்கள். எண்ணிக்கையும் கடைசித் தேதியும் இல்லாத டீவியேஷனை சாஃப்ட்வேர் ஏற்கவே கூடாது. ஒரே டீவியேஷன் மூன்றாவது முறை வந்தால் அதை இ.சி.ஆர். ஆக்கிவிடுங்கள், டிராயிங்தான் தப்பு.

"உயர்ந்த கிரேடுதானே" என்பதில் ஒரு சின்ன விஷயம். உயர்ந்த கிரேடு கடினமாகவும் இருக்கலாம், மெஷினிங்கில் டூல் உடையலாம், வெல்டிங்கில் விரிசல் விடலாம், ஹீட் ட்ரீட்மென்ட்டில் வேறு மாதிரி நடக்கலாம். அதனால்தான் டிசைன்காரரை எழுப்பச் சொல்கிறேன், அவரைத் தண்டிக்க இல்லை.

கேள்வி: எங்கள் எம்.டி. பாதி நாள் பெங்களூரு, மீதி நாள் புனே. எல்லா அப்ரூவலும் அவரிடம் போய் நிற்கிறது. அதனால் அவருடைய பாஸ்வேர்டை என்னிடமே கொடுத்துவிட்டார், நான்தான் அவர் பெயரில் அப்ரூவ் பண்ணுகிறேன். எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது.
— அலுவலக உதவியாளர், கிருஷ்ணகிரி

பதில்: பயம் நியாயமானது, அம்மா. நாளைக்கு ஏதாவது ஆனால் சாஃப்ட்வேரில் அவர் பெயர் இருக்கும், அந்த நேரத்தில் அவர் விமானத்தில் இருந்திருப்பார், அப்போது எல்லோரும் உங்களைத்தான் பார்ப்பார்கள். பாஸ்வேர்டைப் பணிவாகத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அமெரிக்காவுக்கு மருத்துவக் கருவி அனுப்புகிறவர்களுக்குப் பொருந்துகிற விதி ஒன்று உண்டு, 21 சி.எஃப்.ஆர். பார்ட் 11, 1997-இல் வந்தது. ஒரு மின்னணுக் கையெழுத்து ஒரே ஆளுடையதாக இருக்க வேண்டும், இன்னொருவருக்கு மாற்றித் தரக்கூடாது என்று அதில் எழுதியே இருக்கிறது. உங்கள் கம்பெனிக்கு அந்த விதி பொருந்தாவிட்டாலும் காரணம் பொருந்தும்.

எம்.டி.யிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "சார், நீங்க ஊர்ல இல்லாதப்ப உங்க வேலையை இன்னாருக்கு மாத்தி விடற வசதி இதுலயே இருக்கு." டீம்சென்டரில் உண்டு, விண்ட்சில்லில் உண்டு, பெரிய சாஃப்ட்வேர் எல்லாவற்றிலும் உண்டு. மாற்றி விட்டால் பதிவில் "இவருக்குப் பதிலாக இவர்" என்று நேர்மையாக இருக்கும். அதோடு, எம்.டி. எதற்காக எல்லா டிராயிங்கையும் பார்க்க வேண்டும்? பணம் ஒரு வரம்பைத் தாண்டினால், டை மாறினால், கஸ்டமர் சம்மதம் தேவைப்பட்டால் மட்டும் அவரிடம் போகட்டும். வாஷரின் பூச்சு மாற்றத்துக்கு எம்.டி. கையெழுத்துக் கேட்கிற கம்பெனியில் எம்.டி.க்கு வேலை இல்லை என்று அர்த்தம், அல்லது மற்றவர்கள் மேல் நம்பிக்கை இல்லை. (இதை மட்டும் அவரிடம் சொல்லாதீர்கள்.)

கேள்வி: எங்களுடையது மாங்கூழ் ஃபேக்டரி. டிராயிங் எல்லாம் கிடையாது. ஆனால் வெளிநாட்டு பையர் ஒவ்வொருவருக்கும் ஒரு ஸ்பெசிஃபிகேஷன், ஒரு லேபிள். போன சீசனில் பழைய லேபிள் ஒட்டிய டிரம்கள் போய் பெரிய வம்பாகிவிட்டது. இந்த அப்ரூவல் விஷயம் எங்களுக்கும் பொருந்துமா?
— வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: உங்களுக்குத்தான் ரொம்பப் பொருந்தும், ஏனென்றால் உங்களுக்கு வருஷத்தில் சில மாதம்தான் வேலை. மே மாதத்தில் பெங்களூரா மாம்பழ லாரி வரிசையாக வந்து நிற்கும்போது யாரும் லேபிளைப் படிக்க மாட்டார்கள். அதற்கு முன்பே எல்லா மாற்றத்தையும் முடித்து, ஸ்பெசிஃபிகேஷனை உறைய வைத்துவிட வேண்டும். ஏப்ரலில் ஒரு தேதி வையுங்கள். அதற்குப் பிறகு வருகிற எந்த மாற்றமும் பெரிய தடம், முதலாளி தம்பியே கேட்டாலும்.

உங்களுக்கு டிராயிங் என்பது ஸ்பெசிஃபிகேஷன் தாள். பெங்களூரா கூழுக்குப் பிரிக்ஸ் (இனிப்பின் அளவு) 14-க்குக் குறையக்கூடாது என்பது வழக்கமாகக் கேட்கிறது, அல்போன்சாவுக்கு அதைவிட அதிகம் கேட்பார்கள், புளிப்பு, நிறம், பை, டிரம் என்று வரிசையாக இருக்கும். இதை ஓகே சொல்ல வேண்டியவர்கள் லேப், புரொடக்‌ஷன், ஏற்றுமதி ஆவணம் பார்க்கிறவர், மூன்று பேர். லேபிளுக்குத் தனி வழி வையுங்கள், அதில் கண்டிப்பாகப் பையரின் சம்மதம் ஒரு கதவு. எந்த நாட்டுக்குப் போகிறதோ அந்த நாட்டு விதி லேபிளில் இருக்கும், அதை இங்கே உட்கார்ந்துகொண்டு யாரும் ஊகிக்கக் கூடாது.

வம்பு எங்கே ஆரம்பித்தது என்று என்னால் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன். புது லேபிள் அப்ரூவ் ஆனது, ஸ்டோர்ஸில் பழைய லேபிள் கட்டு அப்படியே இருந்தது. மேலே பர்கூர்க்காரருக்குச் சொன்ன அதே குவியல் கணக்குதான். பழைய லேபிளை எண்ணி, கிழித்து, கிழித்ததைப் போட்டோ எடுத்து இணைத்தால்தான் மாற்றம் மூடும் என்று வையுங்கள். அப்புறம் எப்போதிலிருந்து என்பதற்குத் தேதி வேண்டாம், பேட்ச் நம்பர். கிருமி நீக்கி அடைத்த டிரம் ஒன்றரை வருஷம் வரைகூட குடோனில் கிடக்கும். அடுத்த வருஷம் ஒரு பையர் கேட்கும்போது எந்த டிரம் எந்த ஸ்பெசிஃபிகேஷனில் அடைத்தது என்று பேட்ச் நம்பர்தான் சொல்லும். இதற்குப் பெரிய பி.எல்.எம். வேண்டுமா என்றால், பையர் பத்துப் பேருக்குள் இருந்தால் வேண்டாம்.

கேள்வி: தர்மபுரியில் சின்ன மெஷின் ஷாப். பன்னிரண்டு பேர். "பி.எல்.எம். இல்லைன்னா பெரிய கம்பெனி ஆர்டர் கொடுக்காது" என்று ஒரு ஏஜென்ட் பயமுறுத்துகிறார்.
— வாசகர், தர்மபுரி

பதில்: ஏஜென்ட்டுக்கு மாதக் கடைசி போல. கஸ்டமர் பார்ப்பது நீங்கள் பழைய டிராயிங்கில் பீஸ் போடாமல் இருக்கிறீர்களா என்பதைத்தான், எந்த சாஃப்ட்வேர் என்பதை இல்லை. கம்ப்யூட்டரில் இரண்டு ஃபோல்டர் வையுங்கள், ஒன்று வேலையில் இருப்பது, ஒன்று ரிலீஸ் ஆனது. இரண்டாவதில் எழுதும் அனுமதி ஒரே ஒருவருக்கு. ஒரு ரிஜிஸ்டர்: டிராயிங் நம்பர், ரிவிஷன், வந்த தேதி, யாருக்கு எத்தனை பிரிண்ட் கொடுத்தோம், பழையதைத் திரும்ப வாங்கினோமா. அந்தக் கடைசிக் கட்டம் முக்கியம். மெஷினுக்குப் பக்கத்துச் சுவரில் எண்ணெய்க் கறையோடு ஒட்டியிருக்கிற பழைய பிரிண்ட்தான் சின்ன ஷாப்பின் சத்துரு, இன்று சாயந்தரமே ஒரு சுற்று சுற்றி வாருங்கள், குறைந்தது மூன்று கிடைக்கும்.

கேள்வி: மூன்று கம்பெனிக்காரர்கள் டெமோ காட்டிவிட்டார்கள். மூன்றிலும் வொர்க்ஃப்ளோ அழகாகத்தான் ஓடுகிறது. எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?
— ஐ.டி. பிரிவு, ஓசூர்

பதில்: டெமோவில் எல்லோரும் ஓகே சொல்வார்கள், அதனால் அழகாக ஓடும். நீங்கள் கெடுத்துப் பாருங்கள். நடுவில் ஒருவரை லீவில் அனுப்புங்கள். ஒருவரை ரிஜெக்ட் பண்ணச் சொல்லுங்கள். அப்ரூவல் பாதியில் இருக்கும்போது டிராயிங்கைத் திறந்து ஒரு அளவை மாற்ற முயற்சி செய்யுங்கள். மாற்ற விட்டால் அந்தக் கையெழுத்துகளுக்கு என்ன மரியாதை? ஒரே பாகத்தை இரண்டு இ.சி.என்.னில் ஒரே நேரத்தில் போட்டுப் பாருங்கள், சாஃப்ட்வேர் எச்சரிக்கிறதா என்று. அப்புறம், ஒரு கையெழுத்தைச் சேர்க்கவோ எடுக்கவோ வேண்டுமென்றால் உங்கள் ஆளே செய்யலாமா, இல்லை ஒவ்வொரு முறையும் அவர்களுக்குக் காசு கொடுத்துக் கூப்பிட வேண்டுமா என்று எழுத்தில் வாங்குங்கள்.

டிராயிங் வேலை மட்டும், ஆட்கள் முப்பது நாற்பது பேர் என்றால் ஆட்டோடெஸ்க் வால்ட், சாலிட்வொர்க்ஸ் பி.டி.எம். மாதிரி இருப்பதே போதும். நீங்கள் எந்தக் கேட் (கம்ப்யூட்டரில் டிராயிங் போடுகிற) சாஃப்ட்வேரில் வரைகிறீர்களோ அதன் பக்கத்து சாஃப்ட்வேர். வால்டில் வேலையில், பார்வைக்கு, ரிலீஸ்டு, காலாவதி என்ற நிலைகள் தயாராகவே இருக்கின்றன. சாலிட்வொர்க்ஸ் பி.டி.எம்.மில் நிலைகளையும் அம்புக்குறிகளையும் நீங்களே வரையலாம், பலர் சேர்ந்து ஓகே சொன்னால்தான் நகரும்படியும் வைக்கலாம். எதை வாங்கினாலும் முதல் ஆறு மாதம் அவர்கள் தயாராகக் கொடுக்கிற வழியிலேயே ஓட்டிப் பாருங்கள். முதல் நாளே நம் வசதிக்குக் கோட் எழுதி வளைத்துவிட்டால், அடுத்த வெர்ஷன் வரும்போது அதையெல்லாம் மறுபடி எழுதிச் சரிபார்க்க வேண்டியிருக்கும், அந்தச் செலவு டெமோவில் வராது.

கேள்வி: ரிஜெக்ட் பட்டனை அழுத்தினால் சீனியர்கள் சண்டைக்கு வருகிறார்கள், ஐயா. நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. செக்கர் வேலை கொடுத்திருக்கிறார்கள். தப்பு தெரிந்தாலும் அப்ரூவ் பண்ணிவிடலாமா என்று தோன்றுகிறது.
— பெண் பொறியாளர், தேன்கனிக்கோட்டை

பதில்: பண்ணாதேம்மா. உன்னை அந்த இடத்தில் வைத்ததே அதற்குத்தான்.

ஆனால் சண்டையில் பாதி சாஃப்ட்வேரில் அமைத்த விதத்தால் வருவது. பல இடங்களில் ரிஜெக்ட் என்றால் முழு வழியும் ஆரம்பத்துக்கே போய்விடும், ஏற்கெனவே ஓகே சொன்ன மூன்று பேரும் மறுபடி சொல்ல வேண்டும். அந்த எரிச்சல்தான் உன் மேல் விழுகிறது. "திருத்தத்துக்குத் திருப்பு" என்று தனியாக ஒரு அம்புக்குறி வைக்கச் சொல், அது வரைந்தவரிடம் மட்டும் போகட்டும், திருத்தி வந்ததும் நேராக உன்னிடமே வரட்டும். திருத்தம் அளவையோ மெட்டீரியலையோ தொட்டால் மட்டும் மற்றவர்களிடம் மறுபடி சுற்றினால் போதும். முழு ரிஜெக்ட் என்பது இந்த மாற்றமே வேண்டாம் என்று சொல்வதற்கு, அது உன் வேலை இல்லை, போர்டின் வேலை.

காரணம் எழுதும் பெட்டியைக் கட்டாயமாக்கச் சொல். அதில் "சரியில்லை" என்று எழுதாதே, "ஷீட் 2, ஸோன் சி4, துளை நிலைக்கு டேட்டம் கொடுக்கவில்லை" என்று எழுது (டேட்டம் என்றால் அளக்கத் தொடங்குகிற ஆதார இடம்). அப்படி எழுதினால் சீனியர் உன்னோடு சண்டை போட முடியாது, டேட்டத்தோடுதான் போட வேண்டும். இன்னொன்று, பட்டனை அழுத்துவதற்கு முன்னால் அவர் மேஜைக்கே போய், "அண்ணா, இந்த இடத்துல ஒரு சந்தேகம்" என்று ஒரு நிமிஷம் பேசிவிட்டு வந்து அழுத்து. சாஃப்ட்வேர் வந்ததிலிருந்து அந்த நடையை எல்லோரும் விட்டுவிட்டார்கள், இத்தனைக்கும் இரண்டு மேஜைக்கும் நடுவில் பத்தடிதான் இருக்கும்.